நேரடியாக ஹவில்தார், நேரடியாக கேப்டன்: கையில் படிப்பும் தொழிலும் இருந்தால் ராணுவத்தில் எந்த ரேங்க்கில் சேரலாம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தரைப்படையில் 24 வருடம் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவன் நான். ஊர் வேலூர் பக்கம். இங்கே பல கிராமங்களில் வீட்டுக்கு ஒரு ஆளாவது பட்டாளத்தில் இருப்பார், அதனால் ராணுவம் யாருக்கும் புதிது கிடையாது. ஆனால் தெரிந்த பாதை ஒன்றுதான்: ஓட்டம், பீம் (கம்பியில் தொங்கி உடலைத் தூக்குவது), மெடிக்கல், எழுத்துத் தேர்வு, சிப்பாய். டிகிரியோ டிப்ளமோவோ வைத்திருப்பவருக்குச் சில இடங்களில் சேரும்போதே மேல் ரேங்க் உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை, கேள்விப்பட்டவர்களும் பாதி தப்பாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் போனிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே வைத்திருக்கிறேன். சொல்வது இந்தியத் தரைப்படையைப் பற்றி. வேறு படை, வேறு நாடு என்றால் அந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

"எல்லாரும் சிப்பாயாத்தானே ஆரம்பிக்கணும்? நேரா மேல சேர முடியுமா?"

முடியும், ஆனால் எல்லா வேலைக்கும் இல்லை. முதலில் ஏணியைச் சொல்லிவிடுகிறேன். கீழே சிப்பாய், அப்புறம் லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார். அதற்கு மேல் ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) என்கிற நடு அடுக்கு: நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். அதற்கும் மேலே லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்று தொடங்கும் அதிகாரிகள். 2022-லிருந்து சிப்பாய் மட்டத்து ஆள்சேர்ப்பில் பெரும்பகுதி அக்னிவீர் வழியாக நடக்கிறது. நான்கு வருடம், அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள்.

சாதாரண வழியில் ஒரு சிப்பாய் ஹவில்தார் ஆக பத்து வருடத்துக்கு மேல் ஆகும், நாயிப் சுபேதார் ஆக இருபது வருடத்தை ஒட்டி ஆகிவிடும். சில பதவிகளுக்கு மட்டும் ராணுவம் அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்கிறது, காரணம் அந்த வேலையை ராணுவத்துக்குள் வந்து கற்றுக்கொள்ள முடியாது, வெளியே கற்றுக்கொண்டுதான் வர முடியும்.

"அப்போ நேரடியா ரேங்க் கிடைக்கிற வேலைங்க எது எது?"

ஹவில்தாராகச் சேர்கிற பதவிகளில் முக்கியமானவை இரண்டு. கல்விப் பிரிவில் ஹவில்தார் எஜுகேஷன், பொறியாளர் பிரிவில் ஹவில்தார் சர்வேயர் ஆட்டோமேட்டட் கார்ட்டோகிராஃபர், அதாவது நில அளவையும் வரைபடமும் பார்க்கிறவர். நாயிப் சுபேதாராகச் சேர்கிறவை மத போதகர் ஜே.சி.ஓ.வும் கேட்டரிங் ஜே.சி.ஓ.வும். நல்ல விளையாட்டு வீரர்களுக்கு இந்த இரண்டு ரேங்க்கிலும் தனி வழி இருக்கிறது. அதிகாரி மட்டத்தில் டாக்டர், பல் டாக்டர், கால்நடை டாக்டர் மூவரும் கேப்டனாகச் சேர்வார்கள். வக்கீல், பொறியாளர், நர்ஸ் எல்லாம் லெப்டினன்ட்.

இவை எல்லாவற்றுக்கும் எல்லா வருடமும் காலியிடம் வராது. வந்தாலும் சில பதவிகளுக்கு நாடு முழுவதற்கும் சேர்த்துச் சில பத்து இடங்கள்தான். அதனால் ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தைத் தவறாமல் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் கிடைக்கும்.

"ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடிச்சு அஞ்சு வருஷம் வேலை பாத்திருக்கேன். ஹவில்தாரா எடுப்பாங்களா?"

எடுக்க மாட்டார்கள். அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சான்றிதழ் இருந்தால் அக்னிவீர் டெக்னிக்கல் தேர்வில் போனஸ் மதிப்பெண் உண்டு, அதனால் தேர்வாகிற வாய்ப்பு கூடும். ரேங்க் கூடாது. சிப்பாய் மட்டத்திலேயே உள்ளே போவீர்கள்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் பாக்கிக் கேள்விகள் பாதி தீர்ந்துவிடும். நம் ராணுவம் ரேங்க்கைக் கட்டி வைத்திருப்பது பதவியில், ஆளின் சான்றிதழில் இல்லை. 'இந்தப் பதவியில் உட்காருகிறவர் ஹவில்தாராக இருக்க வேண்டும்' என்று முன்கூட்டியே ஒரு முடிவு இருக்கும், அதற்கு இன்ன படிப்பு, இன்ன வயது என்று விளம்பரம் வரும். உங்கள் படிப்பும் அனுபவமும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அப்படி ஒரு பதவி இல்லையென்றால் ரேங்க் இல்லை. எம்.ஏ. படித்துவிட்டு ஜெனரல் டியூட்டியில், அதாவது சாதாரண சிப்பாய் வேலையில் சேர்ந்த பையன்களை என் யூனிட்டிலேயே பார்த்திருக்கிறேன், அவர்களும் பத்தாவது படித்தவனும் ஒரே நாளில் ஒரே ரேங்க்கில்தான் தொடங்கினார்கள்.

"டி.பார்ம் படிச்சவனுக்கு 'சிப்பாய் பார்மா'ன்னு போட்டிருக்கே, அது என்ன நியாயம்? டாக்டருக்கு மட்டும் கேப்டனா?"

கேள்வியில் இருக்கிற வருத்தம் எனக்குப் புரிகிறது. டி.பார்ம் அல்லது பி.பார்ம் முடித்து பார்மசி கவுன்சிலில் பதிவு செய்தவர்களுக்கு இருக்கிற அந்தப் பதவியின் பெயரே சிப்பாய் பார்மா. படிப்பு தேவை, ஆனால் பதவிக்கு வைத்த ரேங்க் சிப்பாய். மேலே ஐ.டி.ஐ. கேள்வியில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

ஒரு நல்ல விஷயம், சிப்பாய் பார்மா வழக்கமான பணி, அக்னிவீர் கிடையாது. நான்கு வருடத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம், 15 வருடம் முடித்தால் ஓய்வூதியம் உண்டு. பார்மசி படித்தவருக்கு ஹவில்தார் ரேங்க் கொடுத்தால்கூடத் தகும் என்பது என் சொந்தக் கருத்து. முகாம் மருத்துவமனையில் மருந்து மாறிப் போகாமல் பார்த்துக்கொள்கிற ஆள் அவர்தான்.

"பி.எஸ்சி. மேத்ஸ் முடிச்சுட்டு சும்மா இருக்கேன். எனக்கு ஏதாவது இருக்கா?"

இருக்கிறது, நம் பக்கத்தில் பலரும் கண்டுகொள்ளாத பதவி அது. ஹவில்தார் சர்வேயர் ஆட்டோமேட்டட் கார்ட்டோகிராஃபர். கணிதத்தை ஒரு பாடமாக வைத்து டிகிரி, பன்னிரண்டாம் வகுப்பிலும் கணிதமும் அறிவியலும் இருந்திருக்க வேண்டும். வயது 20 முதல் 25 வரை. களத்துக்குப் போய் அளப்பது, செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைபடம் தயாரிப்பது, கணினியில் நிலத்தின் மேடு பள்ளங்களை உருவாக்குவது என்று வேலை போகும். பீரங்கி எந்தக் கோணத்தில் சுட வேண்டும், வண்டி எந்தப் பாதையில் ஏறும் என்பதெல்லாம் கடைசியில் அந்த வரைபடத்தில்தான் வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது, கணிதம் முடித்து வெளியே வருகிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆனால் என்னிடம் வந்து கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு வேறு தேர்வுகளை எழுதிப் பார்த்துவிட்டு 26, 27 வயதில் வருகிறார்கள். அப்போது ஒன்றும் செய்ய முடிவதில்லை, அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். டிகிரி கடைசி வருடத்திலேயே இதை மனதில் வையுங்கள்.

"ஹவில்தார் எஜுகேஷன்னா ராணுவப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா?"

பிள்ளைகளுக்கு வாத்தியார் இல்லை, சிப்பாய்களுக்கு. ராணுவத்தில் பதவி உயர்வுக்குக் கல்வித் தேர்வு உண்டு, மேப் ரீடிங் தேர்வு உண்டு. அவற்றுக்கு யூனிட்டிலேயே வகுப்பு எடுப்பவர் இந்த ஹவில்தார். முதுகலை அல்லது பி.எட். சேர்ந்த டிகிரி இருந்தால் எக்ஸ் பிரிவு, பி.எட். இல்லாத டிகிரி ஒய் பிரிவு. வயது இதற்கும் 20 முதல் 25. பிரிவின் பயிற்சி மையம் மத்தியப் பிரதேசத்தில் பச்மடியில் இருக்கிறது.

"பையன் கேட்டரிங் டிப்ளமோ. பட்டாளத்துல போய் சப்பாத்தி சுடவா?"

ஒரு அப்பா கோபமாகவே கேட்டார். சமையல் செய்ய ஆள் எடுப்பது டிரேட்ஸ்மேன் பிரிவில், அது இப்போது அக்னிவீர். கேட்டரிங் ஜே.சி.ஓ. என்பது ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது சப்ளைப் பிரிவு எடுக்கிற நாயிப் சுபேதார் பதவி. பிளஸ் டூ முடித்து, சமையல் கலையிலோ ஹோட்டல் மேனேஜ்மென்ட்டிலோ ஒரு வருடத்துக்குக் குறையாத டிப்ளமோ அல்லது சான்றிதழ் வேண்டும், வயது 21 முதல் 27. ரேஷன் தரம் பார்ப்பது, சமையல் கூடங்களை மேற்பார்வையிடுவது போன்றது வேலை. பிளஸ் டூவும் டிப்ளமோவும் வைத்துக்கொண்டு நாயிப் சுபேதார் ரேங்க்கில் நுழைய இதைவிட எளிய கதவு வேறு இல்லை. அந்த அப்பாவிடமும் இதையேதான் சொன்னேன்.

"எங்க வீட்ல வேதபாடசாலையில படிச்ச பையன் இருக்கான். கோயில் பூசைக்கு ராணுவத்துல ஆள் எடுக்கிறாங்களாமே?"

எடுக்கிறார்கள், மத போதகர் ஜே.சி.ஓ. என்று பெயர், நாயிப் சுபேதார் ரேங்க். பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார், பௌத்த பிக்கு என்று ஒவ்வொரு மதத்துக்கும் தனித் தகுதி. பண்டிட் ஆக டிகிரியோடு சமஸ்கிருதத்தில் ஆச்சார்யா, அல்லது சாஸ்திரியும் கர்மகாண்டத்தில் (சடங்கு முறைகளில்) ஒரு வருட டிப்ளமோவும் கேட்கிறார்கள். பாடசாலைப் படிப்பு மட்டும் போதாது, நம் ஊர்ப் பையன்கள் தட்டிக் கழிக்கப்படுவது பெரும்பாலும் இதனால்தான். பாதிரியார் என்றால் முறைப்படி குருப்பட்டம் பெற்று, உள்ளூர் ஆயரின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும்.

உடல் தேர்வு உண்டா என்று அடுத்த கேள்வி வரும். உண்டு, 1,600 மீட்டரை 8 நிமிடத்தில் ஓட வேண்டும். தேர்வானால் அடிப்படை ராணுவப் பயிற்சியும், புனேயில் இருக்கிற தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில் பயிற்சியும். அங்கே எல்லா மதத்தவரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்து படிப்பார்கள். யூனிட்டில் சர்வ தர்ம ஸ்தல் என்று ஒரே கூரைக்குக் கீழே எல்லா வழிபாடும் நடக்கும். பூசை, தொழுகை தவிர மருத்துவமனையில் கிடக்கிற ஆளைப் போய்ப் பார்ப்பது, இறந்தவருக்குக் கடைசிச் சடங்கு செய்வது, தண்டனையில் இருக்கிறவனிடம் பேசுவது எல்லாம் இவர் பொறுப்பு. ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்த ராத்திரியில் பக்கத்தில் வந்து உட்காருகிற ஆள் இவர், அந்த ரேங்க் அவருக்குத் தகும்.

"எம்.பி.பி.எஸ். முடிச்சா நேரா கேப்டன்தானா? கடற்படை, விமானப்படையில எப்படி?"

ஆமாம், இன்டர்ன்ஷிப் முடித்து மருத்துவப் பதிவு இருந்தால் குறுகிய காலப் பணியில் கேப்டனாகவே நியமனம். கடற்படையில் அதற்குச் சமம் சர்ஜன் லெப்டினன்ட், விமானப்படையில் ஃப்ளைட் லெப்டினன்ட். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு 30 வயது வரை, மேற்படிப்பு முடித்தவருக்கு 35 வரை. அடிப்படைப் பயிற்சி லக்னோவில், அது நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி மாதிரி நீண்டது கிடையாது, சில வாரங்கள்தான்.

வக்கீலுக்கு ஏன் லெப்டினன்ட் மட்டும் என்று கேட்டால், சட்டப் பிரிவில் சேர்கிறவர் பரங்கிமலையில் 49 வாரம் மற்றவர்களோடு சேர்ந்து முழுப் பயிற்சி எடுத்துத் தோளில் இரண்டு நட்சத்திரம் வாங்க வேண்டும். டாக்டர் வைத்தியம் பார்க்க மட்டும் வருகிறார், வெளியே ஐந்தரை வருடம் போட்டுவிட்டு வருகிறார், தனியார் மருத்துவமனை அவரைக் கையை நீட்டி அழைக்கிறது. ரேங்க்கைக் குறைத்தால் யாரும் வர மாட்டார்கள்.

"ஐ.டி. கம்பெனியில பத்து வருஷம், இருபது பேருக்கு லீடரா இருக்கேன். மேஜரா சேர முடியுமா?"

இந்தியாவில் முடியாது. கம்பெனி அனுபவத்தைக் கணக்கிட்டு மேஜர், லெப்டினன்ட் கர்னல் என்று கொடுக்கிற வழக்கமான வழி நம் ராணுவத்தில் இல்லை. உங்களுக்குத் திறந்திருப்பது பிராந்திய ராணுவம், டெரிட்டோரியல் ஆர்மி. 18 முதல் 42 வயது, டிகிரி, சொந்தமாகச் சம்பாதிக்கிற ஒரு வேலை, இவை இருந்தால் தேர்வு எழுதலாம். வேலையை விட வேண்டியதில்லை, வருடத்தில் சுமார் இரண்டு மாதம் பயிற்சி, நாடு கூப்பிட்டால் முழு நேரம். சேர்வது லெப்டினன்ட் ரேங்க்கில்தான், நீங்கள் இருபது பேருக்கு லீடராக இருந்தாலும் இருநூறு பேருக்கு லீடராக இருந்தாலும்.

"அமெரிக்காவுல கம்ப்யூட்டர் கம்பெனி ஆளுங்களை நேரா லெப்டினன்ட் கர்னல் ஆக்கிட்டாங்களே, அங்க மட்டும் எப்படி?"

2025 ஜூனில் நடந்தது அது. டிடாச்மென்ட் 201 என்ற பெயரில் மெட்டா, பாலன்டியர், ஓபன்ஏஐ போன்ற நிறுவனங்களின் பின்னணி கொண்ட நான்கு பேரை அமெரிக்கத் தரைப்படையின் ரிசர்வ் பிரிவில் லெப்டினன்ட் கர்னலாக நியமித்தார்கள். பகுதி நேர ஆலோசனை வேலை. அங்கே சட்டமே இதற்கு இடம் தருகிறது. 2019 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில், வெளியே பெற்ற படிப்பையும் அனுபவத்தையும் கணக்கில் எடுத்து கர்னல் வரை நேரடி நியமனம் செய்ய வழி விட்டார்கள். சைபர் வேலைக்கு ஆள் கிடைக்காத நெருக்கடிதான் பின்னால் இருந்த காரணங்களில் முக்கியமானது.

அவர்களுக்கு இது பழைய பழக்கம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரியில், ஜெனரல் மோட்டார்ஸ் தலைவராக இருந்த வில்லியம் நட்சனை நேரடியாக லெப்டினன்ட் ஜெனரல் ஆக்கினார்கள். கார் எப்படி ஆயிரக்கணக்கில் செய்வது என்று தெரிந்தவர், விமானமும் டாங்கியும் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது. வாஷிங்டனில் அதிபருக்காக வாசிக்கிற மரைன் பேண்டில் சேர்கிற இசைக்கலைஞர்கள் இன்றும் அடிப்படைப் பயிற்சி இல்லாமலேயே ஸ்டாஃப் சார்ஜெண்ட் ரேங்க்கில் சேர்கிறார்கள்.

சிங்கப்பூர் வேறு மாதிரி யோசித்தது. பொறியாளர், உளவுத் தகவல் ஆய்வாளர் போன்ற நிபுணர்களுக்கென்று 2010-இல் எம்.இ. 1 முதல் எம்.இ. 8 வரை தனி ரேங்க் வரிசையே உண்டாக்கிவிட்டது. நிபுணத்துவத்துக்கு ஒரு ஏணி, படை நடத்துவதற்கு ஒரு ஏணி. எனக்கு இந்த ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது, ஏன் என்று கீழே மரியாதை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"தோனி லெப்டினன்ட் கர்னல், எங்க மாமா ஹானரரி கேப்டன். ரெண்டும் ஒண்ணா?"

இல்லை. தோனிக்கு 2011-இல் கிடைத்தது பிராந்திய ராணுவத்தில் கௌரவ ரேங்க். கபில் தேவ், மோகன்லால் ஆகியோருக்கும் அப்படித்தான், சச்சினுக்கு விமானப்படையில் குரூப் கேப்டன். தொழில் திறமைக்காக வேலைக்கு எடுப்பதும் இதுவும் வேறு வேறு. இளைஞர்களை ஈர்க்க நாடு தருகிற மரியாதை இது. தோனி பாராசூட் பயிற்சி எடுத்தார், 2019-இல் காஷ்மீரில் தன் பட்டாலியனோடு இரண்டு வாரம் காவல் பணியும் பார்த்தார்.

உங்கள் மாமா சிப்பாயாகத் தொடங்கி, படி ஏறி, சுபேதார் மேஜர் வரை வந்து, ஓய்வு பெறுகிற சமயத்தில் குடியரசு தினத்திலோ சுதந்திர தினத்திலோ அறிவிக்கப்படும் பட்டியலில் பெயர் வந்து கேப்டன் ஆகியிருப்பார். முப்பது வருடத்துச் சம்பாத்தியம் அது. வீட்டில் அதைச் சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

"ஸ்போர்ட்ஸ்ல போனா நேரா சுபேதாரா?"

தொடக்கம் ஹவில்தார் அல்லது நாயிப் சுபேதார். எந்த மட்டத்தில் ஆடினீர்கள், என்ன பதக்கம் என்பதைப் பொறுத்தது. நீரஜ் சோப்ரா 2016-இல் ராஜபுதனா ரைஃபிள்ஸில் நாயிப் சுபேதாராகச் சேர்ந்தார், டோக்கியோ தங்கம் அதற்குப் பிறகுதான், 2025-இல் கௌரவ லெப்டினன்ட் கர்னல். மாவட்ட அளவுச் சான்றிதழ் இதற்குச் செல்லாது, தேசிய அளவில் ஆடியிருக்க வேண்டும்.

"இதெல்லாம் ஆம்பளப் பசங்களுக்குத்தானா? என் பொண்ணு கேக்குறா."

மத போதகர், கேட்டரிங், சர்வேயர், கல்வி ஹவில்தார் இவற்றுக்கு ஆண்களிடமிருந்து மட்டுமே விண்ணப்பம் கேட்டு வந்திருக்கிறார்கள். பெண்களுக்கு அதிகாரி வழி அகலமாக இருக்கிறது: டாக்டர், வக்கீல், பொறியாளர், எல்லாவற்றுக்கும் மேலாக ராணுவ நர்ஸிங் சேவை, அதில் பி.எஸ்சி. நர்ஸிங் முடித்தவர்கள் லெப்டினன்ட்டாகச் சேரலாம். விளையாட்டிலும் வழி திறந்துவிட்டது. துப்பாக்கி சுடும் வீராங்கனை ப்ரீத்தி ரஜக் 2022 டிசம்பரில் ராணுவ போலீஸ் பிரிவில் ஹவில்தாராகச் சேர்ந்து 2024 ஜனவரியில் முதல் பெண் சுபேதார் ஆனார்.

"சம்பளத்துல எவ்வளவு வித்தியாசம் வரும்?"

ஏழாவது ஊதியக் குழு அட்டவணையில் தொடக்க அடிப்படைச் சம்பளம் சிப்பாய்க்கு 21,700, ஹவில்தாருக்கு 29,200, நாயிப் சுபேதாருக்கு 35,400, லெப்டினன்ட்டுக்கு 56,100, கேப்டனுக்கு 61,300 ரூபாய். இதோடு ராணுவப் பணிச் சம்பளம் என்று ஹவில்தார், ஜே.சி.ஓ. மட்டத்துக்கு 5,200, அதிகாரிக்கு 15,500, அப்புறம் அகவிலைப்படி. டாக்டருக்கு அடிப்படையில் 20 சதவீதம் தனிப் படியும் உண்டு. அக்னிவீருக்கு முதல் வருடம் மாதம் 30,000, கையில் வருவது 21,000.

"கேப்டனா சேர்ந்த டாக்டருக்கு பென்ஷன் இல்லையாமே, ஹவில்தாருக்கு இருக்காமே?"

உண்மைதான், இதை யோசித்துவிட்டுச் சேருங்கள். குறுகிய காலப் பணி அதிகபட்சம் 14 வருடம். அதிகாரிக்கு ஓய்வூதியம் வர 20 வருடம் வேண்டும். அதனால் நடுவில் நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் பணிக்கொடையோடு வெளியே வர வேண்டும். ஹவில்தாராகவோ நாயிப் சுபேதாராகவோ வழக்கமான பணியில் சேர்ந்தவருக்கு 15 வருடம் போதும். மேல் ரேங்க் என்றால் எல்லாமே மேல் என்று நினைக்க வேண்டாம்.

"நேத்து வந்தவன் மூணு பட்டையோட நின்னா, பழைய ஆளுங்க மதிப்பாங்களா?"

முதல் நாள் மதிக்க மாட்டார்கள். நானே மதிக்கவில்லை. எனக்குக் கையில் மூன்றாவது பட்டை, அதாவது ஹவில்தார் ரேங்க், ஏற 13 வருடம் ஆனது. நான் நாயக்காக இருந்தபோது எங்கள் யூனிட்டுக்கு 23 வயதில் ஒரு கல்வி ஹவில்தார் வந்தார். சட்டையில் மடிப்புக் கலையாத பட்டை, பனியில் ஒரு ராத்திரி நின்றதில்லை. நாங்கள் பேச்சுக்கு 'ஹவில்தார் சாப்' என்போம், மனதுக்குள் ஒன்றும் இருக்காது.

எனக்கு மேப் ரீடிங் தேர்வு இருந்தது, ஏற்கெனவே ஒரு முறை தோற்றிருந்தேன். வரைபடத்தில் பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து ஓடுகிற சம உயரக் கோடு எனக்குப் புரியவே இல்லை. ஒரு மாலை அவர் என் கையைப் பிடித்து முஷ்டியை மடக்கச் சொன்னார். விரல் முட்டிகளைச் சுற்றிப் பேனாவால் வளையம் வளையமாக வரைந்தார், உச்சியில் சின்ன வளையம், கீழே வர வரப் பெரியது. பிறகு கையை விரிக்கச் சொன்னார். மலை நான்கும் படுத்துவிட்டன, கோடுகள் மட்டும் கையில் கிடந்தன. கோடு நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மெதுவான சரிவு. அவ்வளவுதான் விஷயம். இரண்டு நாள் அந்த மையைக் கழுவாமல் வைத்திருந்தேன், தேர்வில் தேறினேன், அன்றிலிருந்து அவர் எனக்கு மாஸ்டர்ஜி.

அதே மாஸ்டர்ஜி ஒரு ரோந்துக் குழுவை நடத்த வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரும் அதற்கு ஆசைப்படவில்லை. பட்டை ஒன்றுதான் என்றாலும், வகுப்பில் அவர் சொல் எடுபடும், களத்தில் பதினைந்து வருட ஹவில்தாரின் சொல் எடுபடும். யூனிட்டில் எல்லோருக்கும் இது தெரியும், ஆனால் எங்கும் எழுதி வைக்கவில்லை, அதனால் புதிதாக வருகிற சிலர் தடுமாறிவிடுகிறார்கள். சிங்கப்பூரின் இரண்டு ஏணி முறை எனக்குப் பிடித்தது இதனால்தான். நேரடி ரேங்க்கில் போகிற தம்பிகளுக்கு நான் சொல்வது, முதல் ஆறு மாதம் பழைய நாயக்குகளிடம் கேட்டுக் கேட்டு நடங்கள், உங்கள் தொழிலில் மட்டும் தயங்காதீர்கள்.

"ஒருத்தர் ஆறு லட்சம் கொடுத்தா நேரடி ஹவில்தார்னு சொல்றார். நம்பலாமா?"

நம்பக் கூடாது. கல்வி, சர்வேயர், கேட்டரிங், மத போதகர் பதவிகளுக்கு இணையத்தில் விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, உடல் தேர்வு, மெடிக்கல் உண்டு. மத போதகருக்கு நேர்காணலும் உண்டு. விண்ணப்பிக்க ஏஜெண்ட் தேவையில்லை. எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு அம்மா நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு, போலி அழைப்புக் கடிதத்தோடு பையனை அனுப்பினார். முகாம் வாசலில் அந்தப் பையனை நிறுத்திவிட்டார்கள். கடிதத்தில் பதவியின் பெயரே தவறாக இருந்தது, 'எலக்ட்ரீஷியன் ஹவில்தார்' என்று. அப்படி நேரடியாகச் சேர்கிற பதவியே இல்லை என்று தெரிந்திருந்தால் அந்த நகை வீட்டில் இருந்திருக்கும். யாராவது பணம் கேட்டால் பக்கத்து ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள்.

"ஏற்கெனவே சிப்பாயா சேர்ந்துட்டேன், உள்ள இருந்தே டிகிரி முடிச்சேன். இப்போ ரேங்க் மாத்துவாங்களா?"

டிகிரி வந்ததும் தானாக மாற்ற மாட்டார்கள், ஐ.டி.ஐ. கேள்வியில் சொன்ன அதே காரணம். ஆனால் உள்ளே இருப்பவருக்கு வேறு கதவுகள் உண்டு. 20 முதல் 27 வயதுக்குள் இருந்தால் டேராடூனில் உள்ள ஆர்மி கேடட் காலேஜ் வழியாக அதிகாரி ஆகலாம், பிளஸ் டூ படித்திருந்தாலே போதும். 28 முதல் 35 வரை ஸ்பெஷல் கமிஷன்ட் ஆபீசர் வழி இருக்கிறது. தகுதி இருந்தால் மத போதகர் பதவிக்கும் உள்ளே இருந்தே விண்ணப்பிக்கலாம்.

எதற்கும் கமாண்டிங் ஆபீசரின் பரிந்துரையோடு யூனிட் வழியாகத்தான் காகிதம் போக வேண்டும். யூனிட் கிளார்க்கிடம் இன்றைக்கே போய், உங்கள் டிகிரி சர்வீஸ் ஆவணத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாமல் இருந்து, கடைசித் தேதிக்கு முந்தின நாள் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.